நீர்வண்ணத்தில் ஒரு வெர்மீர்: முகம் வரையக் கற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பென்சிலில் முகம் நன்றாக வரைபவர்கள் நீர்வண்ணத்தைத் தொட்டதும் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஆய்வில் வருபவரும் அப்படித்தான். பென்சிலில் அவருக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் அளவு பிசகாமல் வரும். யாருடைய முகம் என்று பார்த்ததும் தெரியும். நீர்வண்ணத்திலும் மரம், வானம், தண்ணீர் என்று ஓரளவு கை பழகியிருந்தது. ஆனால் ஒரு முகத்தை நீர்வண்ணத்தில் போட்டால், சாயம் பூசிய பென்சில் படம் மாதிரி ஆகிவிடும். முகத்தைத் தாங்குவதெல்லாம் கோடுகள்தான். வண்ணத்தை அழித்துவிட்டாலும் படத்தில் ஒன்றும் குறையாது.

புகைப்படங்களைப் பார்த்து வரைந்து பழகியவர் அவர். அங்கேதான் சிக்கல் என்று எனக்குப் பட்டது. கேமரா எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்துவிடுகிறது: ஒவ்வொரு இமை முடி, மூக்கின் இரண்டு ஓரங்கள், காதின் மடிப்புகள். பென்சில் கை அத்தனையையும் எழுதிக்கொண்டே போகும். எதை விடலாம் என்று தீர்மானிக்க அவர் ஒருபோதும் பழகவில்லை. நீர்வண்ணத்தில் அந்தத் தீர்மானம் இல்லாமல் முதல் வாஷ்கூட, அதாவது தண்ணீரில் கரைத்த வண்ணத்தின் மெல்லிய பூச்சுகூட, போட முடியாது. ஏனென்றால் வெளிச்சம் விழும் இடம் என்பது வண்ணம் படாமல் விட்ட காகிதம். அதனால், அந்தத் தீர்மானங்களை ஏற்கெனவே எடுத்து முடித்த ஒருவருடைய ஓவியத்தை நகலெடுக்கச் சொன்னேன்.

ஏன் இந்த ஓவியம்

தேர்ந்தெடுத்தது டச்சு ஓவியர் யோஹானஸ் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’. 1665 வாக்கில் வரையப்பட்டது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 44.5 × 39 செ.மீ. 1881-இல் தி ஹேக் நகரில் நடந்த ஓர் ஏலத்தில் வெறும் இரண்டு கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) போன படம், இன்று அதே ஊரில் உள்ள மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ‘இதை எத்தனை பேர் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்’ என்று அவருக்குச் சலிப்பு இருந்தது. எனக்கு அது வசதியாகப் பட்டது. எல்லோர் மனதிலும் பதிந்த முகம் என்பதால், தாடை கொஞ்சம் அகன்றாலும் பார்வை கொஞ்சம் விலகினாலும் உடனே உறுத்தும். குறை சொல்ல ஆசிரியர் தேவையில்லை.

கறாராகச் சொன்னால் இது குறிப்பிட்ட ஒருவரின் உருவப்படமும் இல்லை. ‘ட்ரோனி’ என்று டச்சு ஓவியர்கள் சொன்ன வகை: ஒரு முகம், ஒரு பாவனை, ஒரு விசித்திர உடை, அவ்வளவுதான். அந்தப் பெண் யார் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்பதை மட்டும் பார்க்க முடிகிறது.

உண்மையான காரணம் வேறு. இந்த ஓவியத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான் அது. வெளிச்சம் இடப்பக்கம் ஒரே திசையிலிருந்து வருகிறது. பின்னால் இருட்டு. புருவம் கோடாகத் தெரியவில்லை. மூக்கின் தண்டுக்கும் அதற்கு அப்பால் இருக்கும் கன்னத்துக்கும் நடுவே எல்லையே இல்லை. காதணிக்குக் கொக்கி இல்லை. 2018-இல் இரண்டு வாரம் அருங்காட்சியகத்திலேயே, பார்வையாளர்கள் கண்ணெதிரில், நுண்ணோக்கியும் எக்ஸ்-ரே கருவிகளும் கொண்டு இந்தப் படத்தை ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இமை முடிகள் அப்போது அகப்பட்டன. பின்னணி வெறும் கறுப்பாக இருந்ததில்லை, மடிப்போடு தொங்கும் பச்சைத் திரை ஒன்று இருந்தது என்பதும் தெரிந்தது. கொக்கி மட்டும் அகப்படவே இல்லை. வெர்மீர் அதை வரையவே இல்லை.

நீர்வண்ணம் கற்க எண்ணெய் ஓவியத்தைப் போய் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய நீர்வண்ண முகங்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1536 வாக்கில் வரைந்த ஜேன் ஸ்மால் உருவப்படம், பதப்படுத்திய தோலில் நீர்வண்ணம். குறுக்களவு ஐந்து செ.மீ. சொச்சம்தான். அழகான வேலை. ஆனால் அதை நகலெடுப்பவர் மிகச் சிறிய தூரிகையோடு மல்லுக்கட்டுவார். பெரிய வாஷ் போடக் கற்க மாட்டார். எண்ணெய் ஓவியத்தை நீர்வண்ணத்துக்கு மாற்றும் வழக்கமும் பழசுதான். சிஸ்டைன் தேவாலயச் சுவரில் போத்திசெல்லி வரைந்த சிப்போரா உருவத்தை ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1874-இல் நீர்வண்ணத்தில் நகலெடுத்தார். அது எண்ணெய் ஓவியம் இல்லை, சுவரோவியம். ஆனாலும் வேறொரு ஊடகத்தில் பிறந்த படத்தை நீரில் மறுபடி யோசிக்க வேண்டிய வேலை அதேதான்.

எண்ணெயில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகலாம். வெர்மீர் இந்தப் படத்தைப் பழுப்பு, கறுப்பு அடுக்குகளில் தொடங்கி, கண்ணின் வெள்ளைப் புள்ளியையும் முத்தின் பளிச்சையும் கடைசியில் ஈய வெள்ளையால் வைத்தார். அவர் கடைசியில் வைத்ததை நீர்வண்ணக்காரர் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். அப்படியானால் நகலெடுப்பவர் படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தாக வேண்டும். இந்தப் பயிற்சியின் பலன் பெரும்பாலும் இந்த ஒரு தொல்லையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதல் நகல்

காகிதம் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, முழுப் பருத்தி, சற்றுச் சொரசொரப்பான கோல்டு பிரஸ். வழவழப்பான ஹாட் பிரஸ்ஸில் முகம் நுணுக்கமாக வரும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதில் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஓரங்கள் சட்டென்று இறுகும். பழகும் கைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு நல்லது. அளவு கால் ஷீட். தலையும் தோளும் மட்டும்.

கோட்டுப்படத்தை டிரேஸ் செய்யச் சொன்னேன். இதற்கு அவர் மறுப்புத் தெரிவித்தார். ‘நான் வரைஞ்சுடுவேனே’ என்றார். வரைந்துவிடுவார் என்பது தெரிந்துதான் டிரேஸ் செய்யச் சொன்னது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் நேரத்தையும் பெருமையையும் போட்டுவிட்டால், அந்தக் கோடுகளை இழக்க மனசு வராது. வண்ணம் அவற்றுக்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிடும். டிரேஸ் செய்வது ஏமாற்று வேலை என்று ஒரு கட்சி உண்டு. வரையக் கற்கும்போது ஏமாற்றுதான். இங்கே கற்பது வேறு.

முதல் நகலை நான் குறுக்கே பேசாமல் விட்டேன். அவர் கண்ணில் தொடங்கினார், எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். இடது கண், வலது கண், உதடு. மூன்றும் அழகாக வந்தன. பிறகு கன்னத்துக்கு மெல்லிய சதை நிறம், மூக்குக்கு இருபுறமும் நிழல், தலைத்துணிக்கு நீலம், மஞ்சள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பின்னணிக்குக் கறுப்பு.

கறுப்பு விழுந்த கணத்தில் முகம் காணாமல் போனது. அதுவரை கன்னத்தின் நிழல் போதுமான அழுத்தமாகத்தான் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளைக் காகிதம் இருந்ததால் அப்படித் தெரிந்தது. வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த வண்ணமும் அழுத்தமாகத் தெரியும், கறுப்புக்குப் பக்கத்தில் அதே வண்ணம் வெளிறிப்போகும். போதாததற்கு நீர்வண்ணம் காய்ந்தால் இன்னும் ஒரு படி வெளுக்கும். சரி செய்ய அவர் மேலே மேலே அடுக்குப் போட்டார். யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், கீழே இருப்பதைச் சற்று மூடும் தன்மை கொண்ட வண்ணம். ஒன்றிரண்டு அடுக்கு தாங்கும், அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு பூசியது போல் ஆகும். கன்னம் அப்படித்தான் ஆனது. தாடையின் நிழலில் சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்து சேறு தட்டியது. மூக்குக்கு இரண்டு ஓரங்கள் வந்துவிட்டன. முத்துக்கு வட்டமான அவுட்லைனும் இருந்தது.

படம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆள் அடையாளம் தெரிந்தது. ஆனால் வெர்மீர் விட்ட எல்லாவற்றையும் இவர் போட்டிருந்தார்.

வரிசையைத் திருப்புதல்

அடுத்து வண்ணங்களை எடுத்து வைத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒன்றை மட்டும் கொடுத்தேன். உள்ளங்கை அளவுத் துண்டுக் காகிதங்களில் மூன்றே டோனில் (வெளிச்சம்-இருட்டின் அளவு) படத்தைப் பிரிக்க வேண்டும்: காகித வெள்ளை, நடுத்தரம், இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படம் அப்படியே மூன்றாகப் பிரியும். வலப்பக்கத் தாடை, கழுத்தின் நிழல், காதுக்குக் கீழே உள்ள பகுதி, இவையெல்லாம் ஒரே நடுத்தர நிழலாக ஒட்டிக்கொள்ளும். வெளிச்சத்தில் நெற்றி, மூக்கு, அப்பால் உள்ள கன்னம், மேலுதட்டுக்கு மேல் பகுதி எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகும். கண்ணும் உதடும் அந்தத் திட்டில் சின்னச் சின்ன இருட்டுகள். இப்படிச் சில துண்டுகள் போட்ட பிறகு, ‘இதுல மூக்கே இல்லையே, ஆனா மூக்கு தெரியுதே’ என்றார். அதற்குத்தான் காத்திருந்தேன்.

புதிய நகலில் வரிசை இப்படி அமைந்தது. மஞ்சள் பழுப்பான ரா சியன்னாவும் இளஞ்சிவப்பான குவினாக்ரிடோன் ரோஸும் நிறைய தண்ணீரில் கரைத்த மிக மெல்லிய வாஷ், முகம் முழுக்க, எல்லையைத் தாண்டிப் பின்னணிக்குள்ளும் கொஞ்சம் போகும்படி. கண்ணின் வெள்ளைப் புள்ளிகள், உதட்டின் ஈரப் பளபளப்பு, முத்தின் மேல் ஒளி, கழுத்துப்பட்டையின் வெளிச்சம், இவை மட்டும் வெறும் காகிதம். அது நன்றாகக் காய்ந்ததும் பின்னணி. முகத்தில் வேறெதுவும் இல்லாத நிலையிலேயே பின்னணியை முழு அழுத்தத்தில் போட்டுவிட்டார். டியூப் கறுப்பைத் தவிர்த்து, பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் கொஞ்சம் தாலோ கிரீன் பச்சையும் கலந்த இருட்டு. வெர்மீரும் கறுப்பு அடிப்பூச்சின் மேல் அவுரி நீலமும் மஞ்சள் செடிச் சாயமும் கலந்த பச்சை மெருகைத்தான் போட்டிருந்தார். காலப்போக்கில் அது மங்கிவிட்டது. கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும், ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நின்று, காயத் தொடங்கிய இடத்தில் மறுபடி தண்ணீர் பட்டால் பூ பூத்தது போல் திட்டு விழும்.

பின்னணியை முதலில் போடுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. பிறகு கன்னத்தில் ஈரத் தூரிகையை வைத்தால் இருட்டு கரைந்து சருமத்துக்குள் ஒழுகிவிடும். அதனால்தான் முதல் வாஷ் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றது. அந்த வாஷ் ஏற்கெனவே அங்கே இருப்பதால், அடுத்து வரும் அடுக்குகள் எல்லையைத் தொடாமல் ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்கலாம். இடைவெளி வெள்ளையாகப் பல்லிளிக்காது.

இருட்டு வந்த பிறகு அவர் கை மாறிவிட்டது. கன்னத்தின் நிழலை முன்பு போட்டதைவிடப் பல மடங்கு துணிச்சலாகப் போட்டார், அதுவும் சரியாக இருந்தது. அளந்து பார்க்கப் பக்கத்திலேயே ஒரு இருட்டு இருக்கும்போது தயக்கம் தானாகப் போய்விடுகிறது. நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும். அல்ட்ராமரைன் காகிதக் குழிகளில் துகள் துகளாகத் தங்கும். நிழல் பக்கத்தில் அது சருமத்துக்கு ஒரு உயிர் தருகிறது. வெளிச்சப் பக்கத்தில் வந்தால் அழுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே புறங்கையைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். குளிர்ச்சியாகப் பட்டால் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மேலே தூரிகை போனால் கீழ் அடுக்கு கிளம்பி வந்துவிடும். சேறு என்று நாம் சொல்வதில் பாதி இந்த அவசரத்தால் வருவது.

மூக்கும் முத்தும்

மூக்கின் இடது ஓரத்தைப் போடாமல் விடுவது அவருக்கு இருந்ததிலேயே கடினமான வேலை. தண்டும் அப்பால் உள்ள கன்னமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே டோனில் இருக்கின்றன. வெர்மீர் கோடு போடவில்லை; மூக்கு நுனியின் கீழ் நிழலையும், நாசித் துளையின் சின்ன இருட்டையும், வலப்பக்கம் கன்னத்துக்கு இறங்கும் மென்மையான மாற்றத்தையும் வைத்தே நம்மை நம்பவைத்துவிடுகிறார். இவர் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வரும்போது தூரிகை தானாக நகரும். கடைசியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அந்த இடத்தின் மேல் வைத்து மூடிவிட்டு மற்ற பகுதிகளை முடித்தார். எடுத்துப் பார்த்தபோது அங்கே எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை.

முத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து உருண்டையான, கனமான, வெள்ளி மாதிரி மின்னும் ஒரு பொருள். நெருங்கிப் பார்த்தால் அங்கே இருப்பது இரண்டே விஷயங்கள்: மேலே இடப்பக்கம் கெட்டியான ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே கழுத்துப்பட்டையின் வெண்மையைப் பிரதிபலிக்கும் மங்கலான ஒரு வளைவு. மற்றதெல்லாம் பின்னால் இருக்கும் கழுத்தின் நிழலேதான். 1994-இல் படத்தைச் சுத்தம் செய்தபோது முத்தின் மேல் இருந்த இன்னொரு சிறிய ஒளிப்புள்ளி வெர்மீர் வைத்ததே இல்லை, பெயர்ந்து வந்து ஒட்டிக்கொண்ட வண்ணத் துணுக்கு என்று தெரிந்தது, அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் முத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீர்வண்ணத்தில் இதைச் செய்ய, முதலில் மேல் பொட்டுக்கு ஒரு துளி மாஸ்கிங் ஃப்ளூயிட் (காகிதத்தில் வண்ணம் படாமல் காத்து, பிறகு உரித்து எடுக்கும் திரவம்). பிறகு முத்து என்ற ஒன்று இல்லவே இல்லை என்பது போலக் கழுத்து நிழலை அதன் மேலேயே போட்டுக்கொண்டு போக வேண்டும். காய்ந்ததும், சுத்தமான ஈரத் தூரிகையால் கீழ் வளைவை மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஈரத்தை வைத்து, சற்றுப் பொறுத்து, டிஷ்யூவால் ஒரு அழுத்து. மாஸ்கிங்கை உரித்தால் மேல் பொட்டின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். மேல் விளிம்பை அப்படியே விட்டு, கீழ் விளிம்பை மட்டும் ஈரத் தூரிகையால் கலைத்துவிட்டால் பொட்டு உருண்டையின் மேல் உட்கார்ந்துவிடும். அவுட்லைன் இல்லை, கொக்கி இல்லை. முதல் நகலில் சட்டைப் பொத்தானாக இருந்தது இதில் முத்தானது.

இந்த இடத்தில் வெள்ளை குவாஷ் (கீழே உள்ளதை மூடும் நீர்வண்ணம்) பயன்படுத்தலாமே என்பார்கள். பயன்படுத்தலாம், பெரிய ஓவியர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் கற்கும்போது அந்த டியூபைக் கண்ணில் காட்டக் கூடாது என்பது என் கட்சி. கடைசியில் வெள்ளை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் முதலில் எதை விடுவது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள்.

தலைத்துணி சுலபம். அல்ட்ராமரைனை ஈரத்தில் விட்டு, வெளிச்சப் பக்கம் நீர்த்து, நிழல் பக்கம் கெட்டியாக்கினால் போதும். வெர்மீர் இந்த நீலத்துக்கு லாபிஸ் லசுலி கல்லை அரைத்து எடுத்த வண்ணத்தைப் பயன்படுத்தினார். நம் டியூபில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் செயற்கையாகச் செய்யக் கற்ற அல்ட்ராமரைன்.

நிறத்தைத் துல்லியமாகப் பொருத்தும் முயற்சியை நாங்கள் சீக்கிரமே கைவிட்டோம். ஒரே ஓவியத்தின் படம் ஒரு திரையில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரிகிறது. அருங்காட்சியகம் வெளியிட்டிருக்கும் உயர்தரப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர்ச்சி என்று மட்டும் பார்த்தோம்.

உயிருள்ள முகத்தில்

நகல் நன்றாக வந்தது என்பதால் கற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. எனவே, அவருக்குத் தெரிந்த ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து நேரில் பார்த்து வரையச் சொன்னேன். பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் கருநீலத் துணி.

துணியை முதலில் போட்டார். முகத்தை மூன்று டோனாகப் பிரித்துவிட்டுத்தான் வண்ணத்தைத் தொட்டார். நிழல் பக்கத்தில் கண்ணின் வெளி மூலையை நிழலோடு கரையவிட்டார். இதை நான் சொல்லவில்லை, வெர்மீர் படத்தில் அந்த இடத்தில் அப்படிச் செய்யவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் பயிற்சி பலித்தது என்று முடிவு செய்தேன். பென்சில் கோடுகளை அழித்தாலும் முகம் நின்றது.

பலிக்காததும் உண்டு. அதே ஆளை வெளியே, மேகமூட்டமான வெளிச்சத்தில் நிறுத்தியபோது பழைய தடுமாற்றம் வந்துவிட்டது. நிழல் என்று பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லாத முகத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, கை மறுபடி கண்ணுக்குப் போனது. சரும நிறமும் இடறியது. அவர் நகலெடுத்தது மிக வெளிர்ந்த சருமம். அதன் உச்ச வெளிச்சம் கிட்டத்தட்ட காகித வெள்ளை. பழுப்புச் சருமத்தில் நெற்றியின் வெளிச்சமே ஒரு நடுத்தர டோன். காகித வெள்ளைக்கு அங்கே ஓரிரு புள்ளிகள்தான் வேலை. இவர் பழக்கத்தில் நெற்றியை வெள்ளையாக விட்டுவிட, ஜன்னலோரப் படத்திலேயே ஆள் ஒரு படி வெளுத்துப்போயிருந்தார். ஒரே ஓவியத்தை வைத்துக் கற்றால் அந்த ஓவியத்தின் சருமமும் சேர்ந்து பழக்கமாகிவிடுகிறது. இந்த முறையில் இருக்கும் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன்.

அதனால் அடுத்த நகலுக்கு ஸ்பானிய ஓவியர் வேலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் வரைந்த ஹுவான் தே பரேஹாவின் உருவப்படத்தை எடுத்திருக்கிறோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது. மாநிறம், நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பளிச்சென்ற வெளிச்சம், வெள்ளைக் கழுத்துப்பட்டைதான் படத்திலேயே மிக வெளிச்சமான இடம். பின்னணி இருட்டாக இல்லாமல் சாம்பல் கலந்த நடுத்தர டோனில் இருக்கிறது. பின்னணியை முதலில் முழு அழுத்தத்தில் போட்டு அதை வைத்து முகத்தை அளக்கும் வழி இங்கே அப்படியே செல்லாது. தாடியையும் கருத்த உடையையும் முதலில் போட்டு அங்கிருந்து அளக்க வேண்டியிருக்கும். கழுத்துப்பட்டையைத் தவிர வேறெங்கும் காகிதத்தை வெள்ளையாக விடக் கூடாது என்று அவரே தன் டோன் துண்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.